லிட்டோமிஷல் அரண்மனை: சுவர்க் குறிப்புகள்

மார்ச் 2

இசையமைப்பாளர் பெத்ரிஹ் ஸ்மெத்தனாவின் பிறந்தநாள். 1824இல் அவர் பிறந்தது செக் நாட்டின் லிட்டோமிஷல் அரண்மனைக்கு எதிரே உள்ள பீர் ஆலையில். அந்த ஆலையை அவருடைய அப்பா குத்தகைக்கு எடுத்து நடத்தினார். ஊருக்கு வருகிற பாதிப்பேர் அந்த வீட்டைத்தான் தேடுகிறார்கள். இந்தக் குறிப்புகள் எதிர்ப்பக்கத்து அரண்மனைச் சுவரைப் பற்றியவை.

மார்ச் 4

1567இல் பேரரசர் இரண்டாம் மாக்ஸிமிலியன் இந்த எஸ்டேட்டை விராட்டிஸ்லாவ் பெர்ன்ஷ்டெய்னிடம் ஒப்படைத்தார். விராட்டிஸ்லாவ், பொஹீமிய அரசின் (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி) தலைமை அமைச்சர். மனைவி மரியா மன்ரீக்கே தெ லாரா, ஸ்பானியப் பிரபு குடும்பத்துப் பெண். ப்ராகில் இன்று வணங்கப்படும் குழந்தை இயேசு சொரூபம் இவரோடுதான் பொஹீமியாவுக்கு வந்தது என்பது மரபு. மகள் போலிக்ஸேனா 1628இல் அதைக் கார்மேல் துறவிகளுக்குக் கொடுத்தார்.

1568இல் வேலை தொடங்கியது. கட்டியவர் இத்தாலியரான ஜொவான்னி பத்திஸ்தா அவொஸ்தாலி; 1575இல் அவர் இறந்ததும் உல்ரிகோ அவொஸ்தாலி பொறுப்பேற்றார். முற்றத்தில் மாடிக்கு மாடி வளைவுத் தாழ்வாரம், இத்தாலிய பாணி. மேற்கூரை மட்டும் உள்ளூர் வழக்கப்படி செங்குத்தான முகப்புகளோடு நிற்கிறது. பனி கொட்டுகிற ஊரில் தட்டையான கூரை தாங்காது. 1582இல் விராட்டிஸ்லாவ் இறந்தபோது குடும்பம் கடனில் மூழ்கியிருந்தது. இவ்வளவு ரசனைக்கு இவ்வளவு கடன் என்பது அந்தக் காலத்துப் பிரபுக்களிடம் சகஜம்.

மார்ச் 9

வெளிச்சுவர் முழுக்கச் சதுரங்கள். ஒவ்வொன்றும் மூலைவிட்டங்களோடு, ஒட்டிய கடித உறையின் பின்பக்கம் போல இருக்கும். சுமார் 8,000 உறைகள். ஒன்றில் உள்ள கோலம் இன்னொன்றில் இல்லை என்பார்கள். முற்றத்துச் சுவரில் பைபிளின் சிம்சோன் கதையும், ரோமுக்கு அருகே மில்வியப் பாலத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் போட்டியாளர் மாக்ஸென்டியஸை வென்ற போரும். எல்லாமே ஸ்கிராஃபிட்டோ: பெயின்ட் இல்லை, சுரண்டல்.

செய்முறை இதுதான். நன்றாக நீற்றி, மாதக்கணக்கில் ஊறவைத்த சுண்ணாம்பு. அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கரடுமுரடான மணல். அது இறுகியதும் நனைத்துவிட்டு, நயமான மணல் சேர்த்த மேல்பூச்சு. கருமை வேண்டுமானால் இதில் கரித்தூள். இத்தாலியில் எரித்த வைக்கோலின் சாம்பலைக் கலந்தார்கள். இந்தப் பூச்சு இறுகத் தொடங்கும்போதே மேலே மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்பு. பிறகு சட்டம் வைத்துக் கட்டம் போட்டு, ஆணியும் இரும்புச் சுரண்டியும் கொண்டு வெள்ளையை எடுத்தால் அடியிலுள்ள கருநிறம் தெரியும்.

நேரம்தான் கழுத்தைப் பிடிக்கும். விரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் சாந்து விரலில் ஒட்டக் கூடாது. அதற்கு முன்பே சுரண்டினால் வெள்ளை இழுபட்டு விளிம்பு சேறாகும். தாமதித்தால் விளிம்பு பொடிந்து உதிரும். ஆகவே அன்றைக்குச் சுரண்டி முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் அன்றைக்குப் பூச வேண்டும். பழைய ஸ்கிராஃபிட்டோவில் சாரத்தின் தட்டு உயரத்துக்கு நேராகக் கிடைமட்ட ஒட்டு தெரிந்தால், அது அந்த நாளின் எல்லை. உறைச் சுவரில் கட்டத்தின் கோட்டிலேயே ஒட்டை மறைத்துவிடலாம். இந்த வடிவம் பிரபலமானதற்கு அழகு மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

மார்ச் 10

நேற்று விட்டுப்போனது: கெடும் விதங்கள்.

அடிச்சுவர் காய்ந்திருந்தால் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பூச்சு பிடிக்காமல் பொருக்காக எழும். தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது, அதற்கு ஈரமும் மிதமான சூடும் வேண்டும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வேலையை நிறுத்த வேண்டும். முதல் உறைபனிக்குள் இறுகாத பூச்சு வசந்தத்தில் தகடு தகடாக விழும். வெட்டின் கீழ்விளிம்பை வெளிப்பக்கம் சரிவாக விட வேண்டும். தட்டையாக விட்டால் மழைநீர் அங்கே தங்கும்.

எல்லாவற்றிலும் மோசம், பழைய சுவரில் சிமென்ட் ஒட்டுப்போடுவது. சிமென்ட் கடினம், ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய நீரும் உப்பும் சுற்றியுள்ள பழைய சுண்ணாம்பு வழியே வெளியேறி அதைத் தின்றுவிடும். ஒட்டு அப்படியே நிற்கும், அசல் போய்விடும்.

மார்ச் 16

உரிமையாளர்கள் மாறினார்கள்: 1649இல் டிரவுட்மன்ஸ்டார்ஃப், 1758இல் வால்ட்ஷ்டெய்ன்-வார்ட்டன்பெர்க், 1855இல் டூர்ன்-டாக்ஸிஸ். கலையில் நேரடியாக ஈடுபட்டவர்கள் வால்ட்ஷ்டெய்ன்கள். 1796–97இல் அரண்மனைக்குள்ளேயே மரத்தாலான சிறு நாடக அரங்கு கட்டி, குடும்பத்தாரே நடித்தார்கள். திரைக்காட்சிகளை வரைந்தவர் டொமினிக் துவோர்ஷாக். திரைகளும் மேடை இயந்திரமும் அசலாக இன்றும் உள்ளன. அக்காலத் திரைகளில் வண்ணத்தைப் பிடித்து நிறுத்துவது பசைதான். ஈரப்பதம் ஏறி இறங்கினால் வண்ணம் செதில் செதிலாக உதிரும். அடிக்கடி நாடகம் போடலாமே என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

மார்ச் 23

1970களில் சுவர் புதுப்பிக்கும் வேலைக்கு வந்தவர்கள் ஓல்ப்ராம் ஸௌபெக், வாட்ஸ்லாவ் போஷ்டீக், ஸ்டனிஸ்லாவ் போத்ராஸ்கி, ஸ்டெனெக் பால்ட்சர். நால்வரும் அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சியின் கண்ணுக்குப் பிடிக்காத கலைஞர்கள். ஸௌபெக், சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்து 1969இல் தீக்குளித்த மாணவர் யான் பாலாக்கின் மரண முகமூடியை (இறந்தவர் முகத்தின் அச்சு) வார்த்தவர். இவர்களின் சொந்தப் படைப்புக்குக் கண்காட்சிக் கூடம் கிடைப்பது அரிதாக இருந்தது. சாரத்தில் ஏறிச் சுரண்டினால் சம்பளம் கிடைத்தது.

உறைகளில் பல அடையாளமே இல்லாமல் அழிந்திருந்தன. கோடு மிஞ்சிய இடத்தில் அதையே பின்தொடர்ந்தார்கள். எதுவும் மிஞ்சாத இடத்தில் புதிதாக வரைந்தார்கள். பாதுகாப்பு நிபுணர்கள் சிலருக்கு இது நெருடும், தெரியாத இடத்தை வெற்றாக விடுவதே இன்றைய ஒழுங்கு. ஆனால் வெளிச்சுவரில் வெற்றிடம் என்றால் பூச்சில்லாத இடம், மழை புகும் இடம். கோலம் திரும்ப வராமல் இருப்பதே அந்தச் சுவரின் விதி என்னும்போது, புதுக் கோலம் போட்டவர்கள் விதியை மீறவில்லை என்றே சொல்வேன்.

1999இல் அரண்மனை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஸௌபெக்கின் சிற்பங்கள் இப்போது அரண்மனையின் நிலவறையில்.