கள்ளியங்காட்டு நீலியும் மெட்ரோபொலிஸ் அணிலும்

கடந்த சில வாரங்களாக இரவு உணவு முடிந்ததும், தவறவிட்ட படங்களையும் முன்பே பார்த்துப் பிடித்துப்போன படங்களையும் வீட்டாருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலானவை சூப்பர் ஹீரோ படங்கள். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளின் விருப்பம் அது. ஆனால் இரண்டாம் நாளிலிருந்து அவளைவிட நான்தான் ஆவலாகக் காத்திருந்தேன்.

ஜேம்ஸ் கன் இயக்கி 2025-இல் வெளிவந்த 'சூப்பர்மேன்' படத்தில், ராட்சத விலங்கு ஒன்று மெட்ரோபொலிஸ் நகரத்தைத் துவம்சம் செய்துகொண்டிருக்கும்போது, சூப்பர்மேன் அதன் காலடியில் நசுங்கவிருந்த ஓர் அணிலைப் பறந்து வந்து அள்ளிக்கொண்டு போகிறார். ஒரு சில நொடிகளில் கடந்துபோகும் காட்சி அது. அக்கா மகள் சோபாவிலிருந்து எழுந்து, "சித்தி, அணில்! அணிலைக் காப்பாத்திட்டாரு!" என்று கத்தினாள். இராமன் முதுகை வருடிக்கொடுத்த அணிலைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த இடத்தில் ஏன் ஓர் அணில் வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே படத்தில், தரையில் விழுந்து கிடக்கும் சூப்பர்மேனைத் தூக்கிவிட ஓடிவரும் மாலிக் என்ற சாலையோர உணவு வியாபாரியை, அந்த ஒரு செயலுக்காகவே வில்லன் லெக்ஸ் லூதர் பிடித்துவந்து சூப்பர்மேன் கண்ணெதிரே சுட்டுக் கொல்கிறான். உலகத்தையே புரட்டிப்போடும் வலிமை கொண்டவர், பெயர் தெரிந்த ஓர் எளிய மனிதனைக் காப்பாற்ற முடியாமல் கதறுவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 2013-இல் வந்த இன்னொரு சூப்பர்மேன் படமான 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தின் இறுதிச் சண்டையில் கட்டடம் கட்டடமாகச் சரிந்தும் எனக்கு ஒன்றுமே தோன்றாததற்கான காரணம் இப்போதுதான் விளங்கியது: அந்தக் கட்டடங்களுக்குள் யார் இருந்தார்கள் என்று படம் எனக்குக் காட்டவே இல்லை.

மார்வெல் வரிசையில் வந்த 'தண்டர்போல்ட்ஸ்' படத்தை அரை மனத்தோடுதான் தொடங்கினேன். முன்கதை தெரியாதவர்களுக்கு முதல் பாதி சற்றுக் குழப்பமாக இருக்கும். ஆனால் தன் மனத்துக்குள்ளிருக்கும் இருட்டை முஷ்டியால் குத்திக் குத்தியே அதற்குள் மூழ்கிக்கொண்டிருக்கும் பாப் என்ற இளைஞனை, ஃப்ளோரன்ஸ் பியூ நடித்த யெலேனா பின்னாலிருந்து இறுகக் கட்டிக்கொள்ளும் அந்த முடிவுக்காக எல்லாக் குறைகளையும் மன்னித்துவிடலாம்.

நான் விரிவாக எழுத விரும்புவது நம் பக்கத்துப் படங்களைப் பற்றி. பேசில் ஜோசப் இயக்கி 2021 டிசம்பரில் வந்த மலையாளப் படமான 'மின்னல் முரளி'யை இப்போது மூன்றாவது முறையாகப் பார்த்தேன். குறுக்கன்மூலை என்ற சிற்றூரில் ஒரே இரவில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. தையல்காரன் ஜெய்சன் நாயகனாகிறான், ஊரார் பைத்தியம் என்று ஒதுக்கிவைத்த ஷிபு வில்லனாகிறான். ஷிபுவாக நடித்திருக்கும் குரு சோமசுந்தரம் மதுரைக்காரர், கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்றவர்; 'ஆரண்ய காண்டம்', 'ஜோக்கர்' ஆகியவற்றில் அவரை அறிந்திருந்தவர்களுக்கும் இந்த நடிப்பு புதிதாகவே இருக்கும். தான் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த உஷா தன்னை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கும் காட்சியில், அவர் முகம் முதலில் சிரிக்க முயல்கிறது, உதடு கோணுகிறது, கண் நிறைகிறது, பிறகு சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சில நிமிடங்களில் வில்லன் என்ற சொல்லையே நான் மறந்துவிட்டேன். உஷாவின் மகளுக்குச் சிகிச்சை செய்யப் பணம் இல்லாததால்தான் அவன் வங்கியைக் கொள்ளையடிக்கிறான். ஊரார் மூட்டிய தீயில் உஷாவைப் பறிகொடுத்த பிறகுதான் ஊரைக் கொளுத்துகிறான். என் அம்மா படம் முழுவதும் ஜெய்சனைக் கண்டுகொள்ளவே இல்லை. "அந்த மனுஷனுக்கு ஒருத்தர்கூட ஒருவாய் நல்ல வார்த்தை சொல்லலையே" என்று மறுநாள் காலை வரை புலம்பிக்கொண்டிருந்தார்.

அதே நினைவோடுதான் டொமினிக் அருண் இயக்கிய இன்னொரு மலையாளப் படமான 'லோகா'வைப் பார்த்தேன். கல்யாணி பிரியதர்ஷன் நடித்திருக்கும் சந்திரா, உண்மையில் கள்ளியங்காட்டு நீலி. கேரளத்து யட்சிக் கதைகளில் புகழ்பெற்ற இந்த நீலியின் கள்ளியங்காடு, நாகர்கோவிலுக்கு அருகில் இருப்பது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டிலும் அவளுடைய கதை உண்டு. நமக்கு இன்னும் நெருக்கமானவள் பழையனூர் நீலி. வஞ்சகமாகக் கொல்லப்பட்ட பெண் பேயாகி, கைக்குழந்தையோடு வந்து, வணிகனைத் தன் கணவன் என்று சபையில் அழுது வாதிட்டுப் பழிதீர்த்ததும், அவனுக்கு வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்ததும் தொண்டை மண்டலத்தார் அறிந்த கதை. சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே அதற்குக் குறிப்பு இருக்கிறது. அவளை ஏன் கொன்றார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம். பொய்யழுகையை மட்டும் 'நீலிக்கண்ணீர்' என்று நாவில் வைத்திருக்கிறோம். நானும் எத்தனையோ முறை அந்தச் சொல்லை யோசிக்காமல் பயன்படுத்தியிருக்கிறேன்.

'லோகா' அந்தப் பெண்ணைப் பேயென்று விரட்டாமல், அவளுடைய சிறுவயதுக்குப் போய், அவளுக்கும் அவளைச் சேர்ந்த மக்களுக்கும் இழைக்கப்பட்ட கொடுமையைப் பொறுமையாகக் காட்டுகிறது. முன்கதை சொல்லும் அந்தப் பகுதியில் நிமிஷ் ரவியின் ஒளிப்பதிவும் ஜேக்ஸ் பிஜாயின் இசையும் சேர்ந்து எழுப்பும் அச்சமும் துயரமும் படத்தின் உச்சம். பெங்களூரு இரவுகளில் அவள் தனியாக நடக்கும்போது, நூற்றாண்டுகளின் சோர்வு அந்த நடையில் தெரிகிறது. நடன இயக்குநராக நாம் அறிந்த சாண்டி, பெண்களை வெறுக்கும் காவல் அதிகாரியாக மிரட்டியிருக்கிறார். என் மனக்குறை ஒன்றுதான்: பிற்பாதியில், வரப்போகும் பாகங்களுக்கு அச்சாரமாக ஒவ்வொரு நட்சத்திரமாகத் தலைகாட்டத் தொடங்கியதும், நீலியின் கதை அவசர அவசரமாக முடிக்கப்படுகிறது. இவ்வளவு கனமான கதைக்கு இன்னும் அரை மணி நேரம் அவளோடு மட்டும் இருந்திருக்கலாம்.

தமிழில் இந்த வகைப் படங்கள் குறைவு. மிஷ்கினின் 'முகமூடி'யும் பிறகு வந்த சிலவும் முயற்சி என்ற அளவில் நின்றுவிட்டன. மடோன் அஷ்வினின் 'மாவீரன்' எனக்கு மிகவும் பிடித்ததற்குக் காரணம், சித்திரக்காரனான நாயகனுக்கு மட்டும் கேட்கும் அந்த அசரீரிக் குரல்கூட இல்லை. சுவரில் விழும் விரிசல்தான். குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பத்தின் புது வீட்டில் ஆணி அடித்தால் சுவர் பெயர்கிறது, கதவு கையோடு வருகிறது. 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் தட்டினாலே பூச்சு உதிர்ந்ததைச் செய்திகளில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சிகளில் முழுமையாகச் சிரிக்க முடியாது. பயந்து பயந்து வாழ்ந்த ஒரு சித்திரக்காரன் எதை எதிர்த்துத் துணிய வேண்டும் என்பதை அந்த விரிசலே சொல்லிவிடுகிறது.

நேற்று இரவு, சண்டையே இல்லாத ஒன்று வேண்டும் என்று அம்மா கேட்டதால், பிரேம்குமாரின் 'மெய்யழகன்' போட்டோம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப்போன அருள்மொழி, பல ஆண்டுகள் கழித்து நீடாமங்கலத்துத் திருமணத்துக்கு வருகிறார். அங்கே இரவெல்லாம் தன்மேல் அன்பைக் கொட்டும் உறவுக்காரரின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவே இல்லை. அந்த வெட்கத்தில் விடிவதற்குள் சொல்லாமல் கிளம்பிவிடும் அரவிந்த்சாமியையும், அவர் என்றோ விட்டுப்போன ஒரு சைக்கிள் தன் குடும்பத்தை எப்படி நிமிர்த்தியது என்று சொல்லும் கார்த்தியையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, நடுவில் படத்தை நிறுத்தச் சொன்னார். என் அக்காவின் திருமணத்தில் மூன்று நாள் பந்தி பரிமாறிய ஒருவரின் பெயர் அவருக்கு நினைவில் இல்லையாம். பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்து, அந்த மனிதரின் பெயரையும் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மீதிப் படத்தைப் பார்த்தோம்.