கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்: வேலூர், ஆற்காடு, மேல்பாடி

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. ஆறு உண்டு, தண்ணீர் இல்லை. கோட்டை உண்டு, ராஜா இல்லை. கோயில் உண்டு, சாமி இல்லை. கடைசி வரியை 1981-ல் ஊர்க்காரர்களே அழித்துவிட்டார்கள். சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து கோட்டைக்குள் பிரதிஷ்டை செய்தார்கள். வெள்ளைக்காரன் ஆயுதக்கிடங்காகப் புழங்கிய கோயிலில் இன்றைக்குப் பிரதோஷத்துக்கு நிற்க இடம் கிடைப்பதில்லை.

அண்ணன் மகன் காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறான். "சித்தப்பா, கோட்டையைத்தான் நாலு வருஷமா பார்த்துட்டு இருக்கேனே, வேற என்ன இருக்கு?" என்று கேட்டான். அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சிகிச்சைக்கு வருபவர்களும் சரி, படிக்க வருபவர்களும் சரி, கோட்டையைச் சுற்றி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். இது எனக்கு ரொம்ப நாளாகவே ஆதங்கம்.

ஆனாலும் கோட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அகழியும் இரட்டை மதிலும் விஜயநகரக் காலத்து நாயக்கர்கள் 16-ம் நூற்றாண்டில் எழுப்பியவை. மொத்தம் 133 ஏக்கர். கோயில் கோபுரத்தைத் தாண்டியதும் இடதுபக்கம் கல்யாண மண்டபம். அங்கே அவசரப்படாதீர்கள். யாளித் தூண்களையும் குதிரை வீரர்களையும் எல்லோரும் பார்ப்பார்கள். தூணின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னச் சிற்பம் இருக்கிறது. காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. காளையின் கொம்பே யானைக்குத் தந்தமாகிறது. அப்புறம் அண்ணாந்து பாருங்கள். விதானத்தின் நடுவே ஒரு பூ, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். இந்த மண்டபத்தைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டதாகவும், ஏற்ற வந்த கப்பல் கடலில் மூழ்கிப்போனதாகவும் ஊரில் சொல்வார்கள். அந்தக் கிளிகளைப் பார்த்தபிறகு, ஏன் ஆசைப்பட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது.

திப்பு சுல்தானின் குடும்பத்தைச் சிறைவைத்தது இந்தக் கோட்டையில்தான். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் கைதியாக இங்கே இருந்து 1832-ல் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. இலங்கையிலிருந்து வருபவர்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள், நாம் போவதில்லை.

1806 ஜூலை 10 விடியற்காலையில் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இதே மதிலுக்குள்தான். புதுத் தலைப்பாகை போடு, நெற்றிக்குறியை அழி, தாடியை எடு என்ற உத்தரவுதான் திரியைக் கொளுத்தியது. அதை அடக்கியது ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி கொண்டுவந்த குதிரைப்படை. அந்தக் குதிரைகள் வந்த திசையில், எதிராக, நாங்கள் பைக்கில் போனோம். இருபத்தைந்து கிலோமீட்டர் அளவுதான். ஒரு காலத்தில் இதெல்லாம் வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டம். இப்போது நடுவில் ராணிப்பேட்டை மாவட்ட எல்லைப் பலகை வந்துவிடுகிறது.

ஆற்காட்டில் நவாபின் கோட்டை இல்லை. 1783-ல் மதிலைத் தகர்த்துவிட்டார்கள். பாலாற்றை நோக்கி நிற்கும் டெல்லி கேட் மட்டும் மிச்சம். 1751-ல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியது இந்த ஊர்க் கோட்டையில்தான். அரிசி தீர்ந்துகொண்டே வந்தபோது, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு நம் சிப்பாய்கள் கஞ்சித்தண்ணியைக் குடித்ததாகக் கதை உண்டு. ஐம்பத்தைந்து வருஷம் கழித்து வேலூரில் அந்தச் சிப்பாய்களின் வாரிசுகளுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று யோசித்தால் வயிறு எரிகிறது. வாசலைச் சுற்றிப் பார்க்க அரைமணி போதும். பஜாரில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டோம்.

நான் உண்மையில் காட்ட நினைத்தது மேல்பாடி. திருவலத்தில் பிரிந்து பொன்னையாற்றை ஒட்டிப் போக வேண்டும். திருவலம் கோயிலில் சாமிக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நந்தியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்.

மேல்பாடியில் எதிரெதிரே இரண்டு கோயில்கள். பெரியது சோமநாதேஸ்வரர். சின்னது சோழேஸ்வரம், இரண்டையும் தொல்லியல் துறை பராமரிக்கிறது. சோழேஸ்வரம் வெறும் கோயில் மட்டுமல்ல, பள்ளிப்படை, அதாவது இறந்த அரசரின் நினைவாக எழுப்பும் கோயில். ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்கு எடுத்தது. ஆற்றூரில் இறந்தவரை "ஆற்றூர்த் துஞ்சின தேவர்" என்று கல்வெட்டு சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே ராஜா, தாத்தாவுக்கு இவ்வளவு அடக்கமாக, கையெட்டும் உயரத்தில் சுவர் வைத்துக் கட்டியிருக்கிறார்.

வெயில் சாய்ந்த நேரம் போனது நல்லதாயிற்று. உச்சிவெயிலில் வெறும் கல்லாகத் தெரியும் அடித்தளத்தில், பக்கவாட்டு வெளிச்சம் விழுந்ததும் எழுத்துகள் வரிவரியாக எழும்பின. அவன் குத்தவைத்து உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தான். "சித்தப்பா, இது 'ராஜ'தானே?" என்றான். ஒரு வரியை முழுசாகப் பிடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிட்டது.

வெளியே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா, "எந்த ஊருப்பா?" என்றார். "வேலூர்ம்மா, கோயில் பார்க்க வந்தோம்." "நல்லா பாருங்க. யாரு வராங்க இங்க?" சுற்றிலும் வேலி போட்டு, புல் வெட்டி, மழைநீர் தேங்காமல் தரை போட்டிருக்கிறார்கள். பாதுகாப்பதில் குறையே சொல்ல முடியாது. வேலூரோ மாநகராட்சியாகி நாலாபக்கமும் மனைகளாக விரிந்துகொண்டிருக்கிறது. காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் போர்டு வைக்கும் அளவுக்கு வெளியூர்க் கூட்டம். அதில் நூறில் ஒருவர் இந்தப் பக்கம் வந்தாலே அந்த அம்மா அப்படிக் கேட்கமாட்டார்.

போகிறவர்கள் காலையிலோ நாலு மணிக்கு மேலோ போங்கள், அப்போதுதான் கல்வெட்டு கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் பக்கத்திலிருக்கும் வள்ளிமலையையும் சேர்த்துக்கொள்ளலாம். முருகன் கோயிலுக்கு ஏறுகிறவர்கள் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களையும் விட்டுவிடாதீர்கள்.