ஒரு மாணவர் என்றால் ஒரு விதி, இரண்டு பேர் என்றால் வேறு விதி

இசை ஆசிரியர்களுக்காக ஒரு ஆப் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீடியோ, மெட்ரோனோம் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. தலைவலி முழுக்கக் காசு வாங்கும் இடத்தில்தான்.

ஆப்பிளின் விதிப்படி, நேரலையில் ஒருவருக்கு ஒருவர் நடக்கும் சேவைக்கு இன்-ஆப் பர்ச்சேஸ், அதாவது ஆப்பிள் வழியாகவே பணம் கட்டி ஆப்பிளுக்கும் ஒரு பங்கு போகும் முறை, கட்டாயமில்லை. டியூஷன், மருத்துவ ஆலோசனை எல்லாம் இதில் அடக்கம். கார்டில் நேராகவே வாங்கிக்கொள்ளலாம், கமிஷன் கிடையாது. அதே ஆசிரியர், அதே பாடம், அதே திரை. இரண்டாவதாக ஒரு மாணவர் உள்ளே வந்துவிட்டால் அது குழு வகுப்பு. இன்-ஆப் பர்ச்சேஸ்தான். கமிஷன் 30 சதவீதம்; ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் என்னைப் போன்றவர்கள் 2021-இல் வந்த சிறுதொழில் திட்டத்தில் சேர்ந்தால் 15. சரி, அக்காவும் தம்பியும் ஒரே போன் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டால்? அதைப் பற்றி விதியில் ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் பேக்கேஜ். பத்து வகுப்புக்கு முன்பணம், ஒரு மாதத்துக்குள் முடிக்காவிட்டால் போச்சு என்பது ஆசிரியர்களின் வழக்கம். ஆனால் இன்-ஆப் பர்ச்சேஸில் முன்கூட்டி வாங்கிவைத்த கிரெடிட் காலாவதியாகக் கூடாது என்பது ஆப்பிள் விதி. அதனால் குழு வகுப்பை மாதச் சந்தாவாக மாற்றிவிட்டேன்.

அன்பளிப்பு பட்டனும் கேட்டார்கள். முழுத் தொகையும் பெறுபவருக்கே போனால், கொடுப்பவர் விருப்பப்பட்டுக் கொடுத்தால், ஆப்பிள் கமிஷன் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பணம் ஏதாவது டிஜிட்டல் உள்ளடக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. டாமஸ் என்ற சமூக ஊடக ஆப்புக்கு 2023-இல் நடந்தது இதுதான். அதில் பிட்காயினில் டிப் கொடுக்கலாம். டாமஸ் அதிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை. ஆனாலும் பட்டன் பதிவுக்குக் கீழே இருந்தால் உள்ளடக்கத்துக்கான விலை, ஆளின் புரொஃபைலில் இருந்தால் அன்பளிப்பு என்றது ஆப்பிள். பட்டன் இடம் மாறியது. எனக்கு இது சுத்த அபத்தமாகத்தான் படுகிறது. ஆனாலும் என் பட்டனை ரெக்கார்டிங் பக்கத்தில் வைக்காமல் ஆசிரியரின் புரொஃபைலில்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது மிச்சம் ஒரே சண்டை: குழு வகுப்பில் அந்த 15 சதவீதத்தை யார் சுமப்பது? கட்டணத்தை ஏற்றினால் தனி வகுப்புக்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது என்கிறார் ஒரு ஆசிரியர். விலையை நிரப்பும் பெட்டியை ஆசிரியர்களிடமே விட்டுவிட்டேன். கமிஷன் போகக் கைக்கு எவ்வளவு வரும் என்பது மட்டும் பக்கத்திலேயே தெரியும்.