அடியில் தங்கும் மாவு

மரவள்ளி கேக் மூன்றாவது தடவைதான் எனக்கு ஒழுங்காக வந்தது. முதல் தடவை அடிப்பக்கம் ஒரு விரல்கனத்துக்குக் கோந்து மாதிரி நின்றுவிட்டது. இரண்டாம் தடவை எடுத்த துண்டு கையிலேயே உதிர்ந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கிழங்கிலிருந்து வரும் பால்.

நாங்கள் இருப்பது பிலிப்பைன்ஸில், மணிலாவுக்குத் தெற்கே லோஸ் பான்யோஸில். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊர். 1982 முதல் 1988 வரை எம்.எஸ். சுவாமிநாதன் அதன் தலைமை இயக்குநராக இருந்தார். என் கணவருக்கும் அங்கேதான் வேலை. ஊர் முழுக்க தென்னை. நெடுஞ்சாலை ஓரம் இளந்தேங்காய் வழுக்கையை உள்ளே வைத்துச் சுட்ட 'பை' (pie) என்ற பண்டம் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே மரவள்ளி கேக்கும் இருக்கும். வெளியூர் போகிறவர்கள் வீட்டுக்கு வாங்கிப் போகிற பண்டம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஆத்தே. இங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர் சேலத்தில் ஆத்தா என்றால் அம்மா. அதனாலோ என்னவோ, முதல் நாளே அந்த வார்த்தை எனக்கு வாயில் ஒட்டிக்கொண்டது.

கிழங்கின் பெயரும் அப்படித்தான். நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம், பொதுவாக மரவள்ளி. இங்கே பேசும் தகாலோக் மொழியில் சர்க்கரைவள்ளி 'கமோத்தே', மரவள்ளி 'கமோத்தெங் காஹோய்'. காஹோய் என்றால் மரம். சர்க்கரைவள்ளி, மரவள்ளி என்று நாம் பிரித்த மாதிரியே அவர்களும் பிரித்திருக்கிறார்கள். 'கமோத்தே' மெக்சிகோவிலிருந்து வந்த சொல். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. கிழங்கும் மெக்சிகோ வழியாகத்தான் இங்கே வந்து சேர்ந்தது. கேக்கில் போகும் டின் பால் பின்னாளில் அமெரிக்கர் ஆட்சியில் பழகியது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். ஒன்றரைக் கிலோ கிழங்கு வாங்கினால் துருவல் ஒரு கிலோ தேறும். மேல்தோலோடு உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புப் பட்டையையும் உரித்துவிட வேண்டும். நடு நாரையும் எடுத்துவிடுங்கள். கசக்கிற கிழங்கு என்றால் தொடவே வேண்டாம், அதில் நஞ்சு அதிகம்.

துருவலைத் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். முதல் தடவை நான் பிழியவில்லை, அதனால்தான் கோந்து. இரண்டாம் தடவை ஒட்டப் பிழிந்து, பாலை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டேன். மூன்றாம் தடவை கிண்ணத்தில் பிடித்துவைத்து வேறு வேலையாகப் போனேன். அரை மணி கழித்துப் பார்த்தால் மேலே கலங்கல் தண்ணீர், அடியில் வெள்ளை வெளேரென்று கெட்டியாக மாவு. விரலால் அழுத்தினால் கிறீச்சென்றது. சேலத்துக்காரிக்கு இது தெரியாமல் போகலாமா? எங்கள் ஊர் ஜவ்வரிசி ஆலைகளில் இந்த மாவைத்தானே தொட்டி தொட்டியாகத் தெளியவைத்து எடுக்கிறார்கள்! தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு, மாவைச் சுரண்டித் துருவலோடு திரும்பச் சேர்த்தேன். துண்டு உதிராமல் பிடித்து வைப்பது அதுதான்.

அப்புறம் சுலபம். கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், எவாப்பரேட்டட் மில்க் அரை டின், முட்டை 3, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாம் துருவலோடு கலந்து, தணலில் வாட்டி வெண்ணெய் தடவிய வாழையிலை விரித்த தட்டில் ஊற்ற வேண்டும். ஓவனில் 180 டிகிரியில் 50 நிமிடம். இலை இல்லாமலும் செய்யலாம், ஆனால் அந்த வாசனை வராது. எனக்கு அது இல்லாமல் இது வெறும் கிழங்குதான்.

மேலே ஊற்றுவதற்கு அரை டின் கண்டென்ஸ்டு மில்க், ஒரு கப் முதல் தேங்காய்ப்பால், 2 மஞ்சள் கரு, 2 கரண்டி மைதா. அடுப்பில் கிளறிக் கொஞ்சம் கெட்டியானதும் வெந்த கேக்கின்மேல் பரப்பி, துருவிய சீஸ் தூவி மறுபடி 20 நிமிடம் வைக்கிறேன். அங்கங்கே பழுப்புப் புள்ளி விழ வேண்டும்.

சூட்டோடு வெட்டவே கூடாது. நாலு மணி நேரமாவது ஆற விடுங்கள். ஆறினால்தான் இறுகும்.

அன்று சாயங்காலம் நாலு துண்டு எடுத்துக்கொண்டு ஆத்தே வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்ததும் கடிக்கவில்லை. திருப்பி, இலையை விலக்கி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அதன் பிறகுதான் ஒரு கடி. "மசரப்" என்றார், சுவை என்று அர்த்தம். மீதி மூன்று துண்டையும் பேரப்பிள்ளைகளுக்கென்று மூடி வைத்துவிட்டு, பிழிந்த பாலை எவ்வளவு நேரம் வைத்தாய் என்று கேட்டார்.