குப்பைமேனி குழப்பிய கணக்கு

எம்.பார்ம் என்னும் மருந்தியல் மேற்படிப்பின் ஆய்வுக்கு உடன் படித்தவர்கள் வேம்பு, மஞ்சள், சோற்றுக்கற்றாழை என்று எடுத்துக்கொள்ள, நான் குப்பைமேனியைக் கேட்டு வாங்கினேன். சிறு வயதில் சொறி வந்தால் அப்பத்தா அந்த இலையைக் கல்லுப்போடு அரைத்துப் பூசிவிடுவார். எரிச்சலில் ஊரைக் கூட்டுவோம். ஆனால் அரிப்பு அடங்கும். அந்த இலைச் சாரத்தையும், முகப்பருவுக்குத் தரும் கிளிண்டாமைசின் பாஸ்பேட்டையும் ஒரே ஜெல்லில் சேர்த்தால் கிருமிக்கு இரட்டை அடி விழும் என்று நினைத்தேன்.

இலைக்குப் பஞ்சமில்லை, விடுதிச் சுவரோரம் முழுக்க அதுதான். வேரோடு பிடுங்கிப் போட்ட அன்று எங்கிருந்தோ பூனைகள் வந்து புரண்டபோதுதான், இந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றும் ஏன் பெயர் என்று விளங்கியது. நிழலில் உலர்த்திப் பொடித்து எத்தனாலில் வடித்ததும் தார் போலக் கரும்பச்சையாய் ஒரு சாரம் கிடைத்தது.

ஜெல்லை இறுக்கக் கார்போபால் 934 என்ற பாலிமர் பொடி. இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, ட்ரைஎத்தனாலமைன் என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், தண்ணீராய்க் கிடந்தது சட்டென்று இறுகும். அதைப் பார்க்க அலுக்கவே அலுக்காது. சாரத்தைக் கலந்து மூடிவைத்தேன். காலையில் கஞ்சியாய் ஓடியது. எடையைச் சரிபார்த்தேன், காரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். மூன்று வாரம் போன பிறகு மூத்த மாணவர் ஒருவர் கேட்டார்: “சாரத்தில் உப்பு எவ்வளவு இருக்கும் என்று யோசித்தாயா?”

காரம் சேர்ந்ததும் கார்போபால் இழைகள் எதிர்மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று விலக்கி விரிந்து நிற்கும். இறுக்கம் அதனால் வருவது. இலையிலுள்ள பொட்டாசியம் போன்ற உப்புகள் அந்த மின்னேற்றத்தை மறைத்துவிட, இழைகள் சுருண்டுவிடுகின்றன. அப்பத்தாவின் மருந்துக்குத் துணை நின்ற உப்பு, என் ஜெல்லுக்கு எமனாகிவிட்டது. மின்னேற்றமில்லாத எச்.பி.எம்.சி. என்ற வேறொரு பாலிமருக்கு மாறினேன். பளபளப்புக் குறைவு, ஆனால் நிலைத்து நின்றது.

அடுத்தது ஃபிரான்ஸ் செல், மருந்து சவ்வைக் கடந்து எவ்வளவு வெளிவருகிறது என்று பார்க்கும் கருவி. மேலே ஜெல், கீழே பாஸ்பேட் கரைசல், நடுவில் சவ்வு. முதலில் டயாலிசிஸ் சவ்வு, பிறகு கறிக்கடையில் வாங்கி மயிர் நீக்கிய ஆட்டுக் காதின் தோல். சவ்வுக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழி மாட்டினாலும் அன்றைய வேலை வீண். மணிக்கு ஒருமுறை ஒரு மில்லி எடுத்து, அதே அளவு புதுக் கரைசலை ஊற்ற வேண்டும்.

டயாலிசிஸ் சவ்விலேயே எட்டு மணி நேர முடிவில் 138% மருந்து வெளிவந்ததாகப் புற ஊதா அளவி காட்டியது. நூறு போட்டு நூற்று முப்பத்தெட்டு எடுக்கும் வித்தை! கிளிண்டாமைசின் 210 நானோமீட்டர் பக்கம்தான் ஒளியை உறிஞ்சும். இலையில் உள்ள எத்தனையோ பொருள்களும் அங்கேயே உறிஞ்சும். இத்தனை நாள் நான் அளந்தது மருந்தையல்ல, குப்பைமேனியை. கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் பார்த்த பிறகே கணக்கு நேரானது. ஆட்டுத்தோலைக் கடந்த மருந்து கொஞ்சம்தான், தோலுக்குள் தங்கியதே அதிகம். மூலக்கூறு எடை ஏறக்குறைய 505. தோல் எளிதில் வழிவிடும் அளவல்ல. எனக்கு அதில் வருத்தமில்லை. பருவுக்கான மருந்து தோலில் இருக்க வேண்டும், இரத்தத்தில் அதற்கு என்ன வேலை?

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்த அகர் தட்டில், என் கலப்பு ஜெல்லைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம், கிளிண்டாமைசின் மட்டும் உள்ள ஜெல்லின் வட்டத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது. ‘ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன’ என்று ஆசையாக எழுதினேன். என் ஆய்வு வழிகாட்டியான மேடம் சிவப்பு மையால் அடித்தார். வட்டத்தின் அளவு, பொருள் அகரில் எவ்வளவு பரவுகிறது என்பதையும் பொறுத்தது. கட்டம் போட்டு இரண்டையும் வெவ்வேறு செறிவுகளில் கலந்து பார் என்றார். கலந்தபோது ஒவ்வொன்றும், தனியாகத் தேவைப்பட்ட அளவில் எத்தனை பங்கு போதுமானது என்று கூட்டிச் சொல்லும் குறியீடு 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் அந்த வார்த்தையை எழுதலாம். எனக்கு 1ஐச் சுற்றியே வந்தது. ஆய்வின் தலைப்பிலிருந்தே அந்தச் சொல்லை எடுத்தேன்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஜெல்லைப் புறங்கையில் தடவிப் பார்த்தார். கைகழுவிவிட்டு வந்தார். மீண்டும் சோப்புப் போட்டுக் கழுவினார். “இதையா முகத்தில் பூசச் சொல்கிறீர்கள்?” என்றார். அமிலத்தன்மை, பாகுத்தன்மை, பரவும் தன்மை என்று என் அட்டவணையில் எல்லாம் இருந்தன. கறைக்கு மட்டும் வரிசை இல்லை. மதிப்பெண் தாளில் கையெழுத்திடும்போதும் அவர் கை லேசான பச்சையாகத்தான் இருந்தது.