அஞ்சேகாலுக்கு அஸ்தமனம்

ஜனவரி 9, 2025, வியாழன்

போய்ட்டு வாங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் தையலில் தண்ணீர் படக்கூடாது, கடலில் இறங்கக்கூடாது, அவ்வளவுதான். ஜூலையில் போட்ட அந்தமான் டிக்கெட். பிள்ளைகள் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பிளாஸ்டர் பத்து வாங்கிப் பையின் முன்ஜிப்பில் வைத்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

விடிவதற்கு முன்பே கிளம்பியதால் வைகுண்ட ஏகாதசியும் அதுவுமாக சொர்க்கவாசல் போய்விட்டதே என்று அத்தைக்கு வருத்தம். சென்னையில் இருந்து இரண்டு மணி நேரம்தான், அதே தூரம் கப்பலில் மூன்று நாள் ஆகுமாம். போர்ட் பிளேருக்கு செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆட்டோக்காரர் இன்னும் பிளேர் என்றுதான் சொல்கிறார். பரமக்குடிப் பக்கத்துக்காரராம். அத்தைக்கு உயிர் வந்தது.

மதியம் செல்லுலார் சிறை. 1896-ல் தொடங்கி 1906-ல் முடித்தார்களாம். நடுவில் கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஏழு நீளக் கட்டடங்கள். இப்போது மூன்றுதான் நிற்கின்றன. ஒரு வரிசையின் அறை வாசல் அடுத்த வரிசையின் முதுகைத்தான் பார்க்கும். யாரும் யார் முகத்தையும் பார்த்துவிடக் கூடாது என்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பெரியவள் ஓர் அறைக்குள் போய், எட்டாத உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். கூப்பிட்டும் வரவில்லை.

இடித்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இவர் கேட்டார். ஆஸ்பத்திரி என்றார் வழிகாட்டி. நான் சட்டென்று பையனைத் தண்ணீர் குடிக்க வைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். எங்கே போனாலும் இந்தச் சொல் முன்னால் வந்து நிற்கிறது.

அஞ்சேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விட்டது.

ஜனவரி 11, சனி

ஹேவ்லாக். ஜெட்டியில் ஸ்வராஜ் தீவு என்று பலகை. கப்பலில் சின்னவன் இரண்டு தடவை வாந்தி, அத்தை அசையாமல் உட்கார்ந்து வந்தார்கள்.

அறைக்குள் சிக்னல் இல்லை. ரிசப்ஷனைத் தாண்டி மூன்றாவது தென்னையடியில் இரண்டு கோடு வருகிறது. கல் பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்தால் மூன்று.

ஜனவரி 12, ஞாயிறு

ராதாநகர் கடற்கரை. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். அப்படி எழுதியது தப்பில்லை. மணல் மாவு மாதிரி, மிதித்தால் சத்தமே இல்லை. பின்னால் இருட்டாகக் காடு, மரங்கள் வானத்துக்கு நிற்கின்றன. தண்ணீர் முழங்கால் வரைக்கும் நிறமே இல்லாமல், அப்புறம் பச்சையாகி, அதற்கும் அப்பால் நீலம்.

இவர் காலர் வைத்த சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். "ஏன்டா தம்பி, இவ்வளவு தூரம் வந்துட்டு இறங்கலையா?" என்று அத்தை கேட்டார்கள். கொழுப்புக் கட்டி எடுத்த இடம் ஆறட்டும்மா என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்! அந்தக் குரலை எங்கிருந்து எடுக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பையன் கையை ஆட்டி "அப்பா வா, அப்பா வா" என்று கத்திக்கொண்டே இருந்தான். நான் போனேன். அலையில் நிற்கும்போதும் கரையைப் பார்த்தே நின்றேன்.

சூரியன் விழுந்ததும் காவலர்கள் விசில் அடித்து எல்லாரையும் ஏற்றிவிட்டார்கள். முதலை இருக்கும் என்று பலகையும் வைத்திருக்கிறார்கள்.

வியர்வையில் பிளாஸ்டரின் ஓரம் கிளம்பியிருந்தது. இரவு மாற்றினேன். கழுத்தின் இடப்பக்கம், காதுக்குக் கீழே மூன்று விரல் தள்ளி, நான்கு தையல். கறுப்பு நூல் முனைகள் எறும்புக் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன. தோல் சிவக்கவில்லை. விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தேன், வேறு எங்காவது இருக்கிறதா என்று. அவர் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்.

ஜனவரி 13, திங்கள்

லேபில் இருந்து அழைப்பு இல்லை.

இரவு நிலா வெள்ளமாய் அடிக்கிறது. அமாவாசைக்கு வந்திருந்தால் இங்கே கடல் தானாகவே மினுங்குவதைப் பார்த்திருக்கலாமாம். பெரியவளுக்கு ஏமாற்றம். எனக்கு இந்த வெளிச்சம் போதும், தென்னையடிக்கு டார்ச் இல்லாமல் போக முடிகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ரிசார்ட் சமையற்கட்டில் அத்தை பேசி அடுப்பு வாங்கிவிட்டார்கள். வங்காளிச் சமையல்காரர் வெல்லத்தை இடித்துக் கொடுத்தார். குக்கரில்தான் பொங்கல், ஆனாலும் எல்லாரும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். கரும்பு மட்டும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் ஒரு சின்னக் கலவரம். பௌர்ணமி நாள் என்பதால் எங்கள் பக்கக் கடல் வெகுதூரம் உள்ளே போய்விட்டது. படகுகள் சேற்றுமணலில் சாய்ந்து கிடந்தன. பிள்ளைகள் இருவரும் ஈரமணலில் நடந்து நடந்து புள்ளியாகிவிட்டார்கள். அத்தை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்கள், "வந்துடுங்க, வந்துடுங்க" என்று. நாளும் இப்படித்தான் வற்றும், ராத்திரி ஏறிவிடும் என்று படகுக்காரர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "அன்னைக்கும் பௌர்ணமிதான்" என்றார்கள். 2004 டிசம்பர் 26-ஐத்தான் சொல்கிறார்கள். பையனின் மணிக்கட்டை இரவு சாப்பாடு வரைக்கும் விடவில்லை.

இவ்வளவு பயந்தவர்களிடம் இதையும் எப்படிச் சொல்வது?

லேப் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: பொங்கல் விடுமுறை, 16 வரை.

ஜனவரி 15, புதன்

நீல் தீவு. புதுப் பெயர் ஷஹீத். தூங்கவில்லை. ஏழாம் தேதி எடுத்த சதைத்துண்டு ஏதோ ஒரு மேசையில் மெழுகுக்கட்டிக்குள் இருக்கிறது, ஆட்கள் வீட்டில் கரும்பு கடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன நியாயம்? ஆனாலும் கோபம் வருகிறது. பையன் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் அழுததற்கு அவன் மேல் விழுந்துவிட்டேன். அவன் முகம் சுருங்கியது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

இங்கே சிக்னல் மொட்டைமாடியில்.

ஜனவரி 16, வியாழன்

நல்ல நாள். எழுதி வைக்கிறேன்.

பரத்பூர் கடற்கரையில் அடியில் கண்ணாடி வைத்த படகு. இதில் நனையவே வேண்டாம். ஐந்து பேரும் கண்ணாடியைச் சுற்றிக் குனிந்து உட்கார்ந்தோம். முதலில் வெறும் மணல், கொஞ்ச தூரத்தில் பவளப்பாறை. மூளை மடிப்பு மாதிரி ஒன்று, மான்கொம்பு மாதிரி ஒன்று. நீலமும் மஞ்சளும் கோடு போட்ட மீன்கள் கும்பலாக ஒரே நேரத்தில் திரும்புகின்றன. "அப்பா, உன் கைக்குக் கீழே, உன் கைக்குக் கீழே!" என்று பையன் கத்த, இவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். அடியில் ஒரு மீன் நின்று பார்த்துவிட்டுப் போனது. ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஓர் இடத்தில் பவளம் வெள்ளை வெளேரென்று இருந்தது. செத்துப்போச்சா என்று பெரியவள் கேட்டாள். இல்லை என்றார் படகுக்காரர். தண்ணீர் சூடானால் உள்ளே குடியிருக்கிற பாசி வெளியேறிவிடும், அதனால்தான் வெளுப்பு. 2010-ல் இந்தத் தீவுகளில் நிறைய வெளுத்ததாம். சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், நிறமும் வரும். நாள் ஆகிவிட்டால்தான் சாகும். எத்தனை நாள் என்று நான் கேட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாலையில் நீர் வற்றியதும் இயற்கைப் பாலம். பாறையில் வழுக்கும் என்று இவர் அத்தையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பின்னால் நடந்தேன். காலர் மடங்கி பிளாஸ்டர் தெரிந்தது, எட்டிச் சரிசெய்யவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

பையனின் மக்கில் பதினெட்டு சங்கு, சோழி. காலையில் பார்த்தால் பதினைந்து. மூன்றுக்குள் நண்டு குடியிருந்திருக்கிறது, ராத்திரி நடந்து போய்விட்டன. ஒன்று கட்டிலுக்கு அடியில், கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு. வளர வளர அதற்குப் பெரிய சங்கு வேண்டும், நாம் பொறுக்கிக்கொண்டு போனால் அது எங்கே போகும் என்று இவர் அவனை மடியில் வைத்துச் சொன்னார். விமான நிலையத்திலும் எடுத்துப் போக விடமாட்டார்கள். அவனாகவே எல்லாவற்றையும் கரையில் வரிசையாக வைத்துவிட்டு வந்தான், பெரியதில் இருந்து சின்னது வரை.

11.20. ஜெட்டியில் நிற்கும்போது அழைப்பு. லேப் இல்லை, டாக்டரே. முதல் ஸ்லைடில் தெளிவாகச் சொல்ல முடியவில்லை, அதே சாம்பிளில் இன்னொரு டெஸ்ட் போடச் சொல்லியிருக்கிறாராம், ஐ.எச்.சி., செல்களுக்குச் சாயமேற்றி எந்த வகை என்று பார்ப்பது. கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை என்றார். நல்லது என்றும் சொல்லவில்லை. நான் "சரிங்க டாக்டர், சரிங்க" என்று நாலு தடவை சொன்னேன். கப்பல் ஊதியதில் அடுத்து அவர் சொன்னது கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னேன்.

தையல் பிரிக்க திங்கள் காலை 10.30. அப்போது பேசலாம்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். வரிசை நகர்ந்தது. அத்தையின் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார், வலது தோளில்.

ஜனவரி 18, சனி

பிளாஸ்டர் இன்னும் மூன்று இருக்கிறது.