மைலோ டின்னும் ஐந்து விநாடி நாகசுரமும்

பினாங்கு லோரோங் குலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு மைலோ டின்னும் லேபிள் கிழிந்த நாகசுரக் கேசட்டும் வாங்கி மூன்று வாரமாகிறது. இரண்டையும் சேர்த்து ஓர் ஒலிக்கோவை செய்து பார்க்கிறேன்.

முதலில் டின். 27 மில்லிமீட்டர் பீசோ வில்லையை (அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் மெல்லிய தகடு) அதன் அடியில் ஒட்டி, ஒரு பிடி உளுந்தை உள்ளே போட்டுச் சுழற்றினேன். காதுக்கு அது ஓட்டுக்கூரை மழை மாதிரி இருந்தது, ரெக்கார்டிங்கில் கொசு ரீங்காரம்தான் வந்தது. இரண்டு இரவு டின்னைத்தான் சந்தேகப்பட்டேன். விஷயம் வேறு: பீசோ ஒரு கெப்பாசிட்டர் மாதிரி, 20 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ ஓம் தடை மட்டுமே உள்ள லைன் இன்புட்டில் செருகும்போது 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலி எல்லாமே தேய்ந்துவிடுகிறது. 1 மெகா ஓம் உள்ள கிட்டார் இன்புட்டுக்கு மாற்றியதும் அந்தக் 'கும்' முழுசாக வந்து உட்கார்ந்தது. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் கேசட். "சாமிக்கு வாசிச்சதப் போய் வெட்டுறியே" என்று அம்மா வருத்தப்பட்டார். அது நியாயமாகவே பட்டது, அதனால் இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கணினியில் ஏற்றிய பிறகுதான் பிளேடை எடுத்தேன். டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும், இரண்டு முனையையும் ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடும் ஐந்து விநாடி வளையத்துக்கு 24 சென்டிமீட்டர் போதும். முதல் வெட்டு ஆலாபனையின் நடு மூச்சில் விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் விக்கல் எடுத்தது. இரண்டாவது முறை பென்சிலால் சக்கரத்தைத் திருகித் திருகி, தவில் அடி விழுவதற்கு ஒரு நூல் முன்னால் சாய்வாக வெட்டி ஒட்டினேன். இணைப்பு அந்த அடிக்குள்ளேயே மறைந்துவிட்டது.

1948இல் பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் பியர் ஷேஃபர் பாரிஸின் பாத்தினியோல் ரயில் நிலையத்தில் எஞ்சின் சத்தங்களைப் பதிந்து, இசைத்தட்டில் ஒரே பள்ளத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு இசை செய்தார். சத்தம் எதிலிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் கேள் என்பது அவர் வழி. உளுந்துக்கு அது சரி. நாகசுரத்துக்கு என்னால் முடியவில்லை, முடியவும் வேண்டாம் என்று தோன்றுகிறது. நேற்று வளையம் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மேல போகாம அங்கேயே நிக்கிறாரே, பாவம், மூச்சு வாங்காதா?" என்றார். அந்த வித்வானுக்காக இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நாகசுரத்தை இறக்கி, உளுந்தை மட்டும் விட்டிருக்கிறேன்.